நலமாக இருந்தார்கள்

மாலை நான்கு இருபது. திறந்திருந்த கதவின் வழியே எனக்கு முதலில் தெரிந்தது ஒரு கோவேறு கழுதை. தொலைக்காட்சித் திரையில், ஏதோ ஒரு ரயில் நிலையத்தின் தகரக் கூரைக்குக் கீழே அது நின்றுகொண்டிருந்தது. கூரைக்கு வெளியே மழை. அந்த மழையும் அசையவில்லை. தாரைகள் அந்தரத்தில் நின்றன. வீடியோ ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு யாரோ எழுந்து போயிருந்தார்கள். பாயின் மேல் ஒரு கன்ட்ரோலர் கிடந்தது.

தண்ணீர் மோட்டார் விஷயமாகப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறையிலிருந்து டீ டம்ளரோடு அவர் வந்தார். பேச்சு வேண்டுமே என்று, கழுதை ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டேன்.

"மழைல விட்டுட்டு டீ போட போக முடியுங்களா சார்."

"நிறுத்தித்தானே வெச்சிருக்கீங்க?"

"நிறுத்துனாலும் நனைஞ்சிட்டுதானுங்களே நிக்கும்."

சிரிக்காமல் சொன்னார். நான்தான் சிரித்தேன்.

அரூரில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் மூன்று வீடுகள். நடு வீட்டுக்கு அவர் வந்து அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது. சாலையோரம் இருந்த ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில், அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். முப்பத்தைந்து வயது இருக்கும். தனியாக இருந்தார். காம்பவுண்டில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர். பால்காரருக்கும் சிஸ்டர், வீட்டுக்காரருக்கும் சிஸ்டர். பெயர் எனக்குத் தெரியும். இங்கே அது வேண்டாம். நான் ஒரு நாளிதழின் அரூர் நிருபர். ஆகையால் என்னை அவர் கடைசிவரை சார் என்றே கூப்பிட்டார்.

ஆட்டம் ஓடும் அந்தக் கன்சோல் பெட்டி அவருடைய தம்பி கொடுத்தது. பெங்களூரில் வேலை செய்யும் தம்பி புதிது வாங்கியபோது பழையதை அக்காவிடம் தள்ளிவிட்டான். அதோடு வந்த சுடுகிற ஆட்டங்களை எல்லாம் அவர் திருப்பி அனுப்பிவிட்டு, கதை இருப்பதாக அனுப்பு என்று சொன்னாராம். அப்படி வந்ததுதான் கழுதை. போர் முடிந்த ஒரு நாட்டில், உடைந்துபோன ரயில் பாதையைச் சரிபார்த்துக்கொண்டு ஒரு பெண் நடக்கிறாள். சாமான் சுமக்க ஒரு கோவேறு கழுதை. வழியில் பன்னிரண்டு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர். அவ்வளவுதான் ஆட்டம். வேகமாக ஆடினால் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று தம்பி சொல்லியிருந்தான். அவருக்கு ஐந்து மாதம் பிடித்தது.

அவர் ஆடுவதை என் மனைவி உட்கார்ந்து பார்ப்பாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டு, சிஸ்டருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து. ஆங்கிலத்தில் வருவதை அவர் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். இரவு சாப்பிடும்போது என் மனைவி, "மூணாவது ஸ்டேஷன் கிழவி இன்னும் மவனுக்கு ரொட்டி எடுத்து வெச்சிட்டுதான் இருக்குது" என்பாள். ஏதோ பக்கத்துத் தெருச் சேதிபோல இருக்கும்.

அவர் ஆடும் முறையில் ஒன்றை நானும் கவனித்திருக்கிறேன். ஒரு நிலையத்துக்குள் நுழைந்தால் அங்கே இருக்கும் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசுவார். ஒருமுறை பேசிவிட்டு வர மாட்டார். திரும்பவும் போவார், திரும்பவும். அந்த ஆள் முன்பு சொன்ன அதே வாக்கியத்தை மறுபடி சொல்லும்வரை விட மாட்டார். அப்போதுதான் அவரிடம் சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை என்று ஒப்புக்கொள்வார். கிளம்பும் முன் கழுதைக்குத் தண்ணீர்.

மருத்துவமனையில் வேலை குறைந்த நேரத்தில், ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் ரத்தப் பரிசோதனைக்கூட இளைஞரும் கைபேசியில் அணி சேர்ந்து ஆடும் துப்பாக்கி ஆட்டம் ஒன்று உண்டு. நான்கு பேர் வேண்டும். ஒருநாள் ஆள் குறைந்ததால் இவரை இழுத்து உட்காரவைத்தார்கள். செய்தி சேகரிக்கப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன். திரையில் விமானத்திலிருந்து குதித்து இறங்கினார்கள். மற்ற மூவரும் ஓடினார்கள். இவருடைய ஆள் ஒரு காலி வீட்டுக்குள் நுழைந்து மேசையருகே நின்றுவிட்டது. மேசையில் தட்டு, பக்கத்தில் ஒரு தொட்டில்.

"சிஸ்டர், அங்க என்ன பண்றீங்க? வெளிய வாங்க, வட்டம் சுருங்குது, அதுக்குள்ள ஓடணும்."

"யாரு இருந்த வூடுங்க இது?"

"யாரும் இல்லைங்க, அது சும்மா வூடு. வாங்க."

"தொட்டில் கெடக்குதே."

அதற்குள் ஜன்னல் வழியாக எவனோ சுட்டுவிட்டான். ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டார். வீடு பார்க்க வந்த மாதிரி இல்ல வந்திருக்கீங்க, முன்பணம் குடுத்துட்டீங்களா என்று பரிசோதனைக்கூட இளைஞர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அடுத்த ஆட்டத்துக்கு இருக்கச் சொன்னபோது எழுந்துவிட்டார்.

"செத்தவங்க எல்லாம் அஞ்சு நிமிசத்துல அதே சட்டையோட திரும்ப வர்றாங்க. அப்ப யாருக்கு என்ன ஆச்சுன்னு நான் கவலப்படறது?"

இதைச் சொன்னது ஓட்டுநரிடம். ஆனால் கையுறையை மாட்டிக்கொண்டே என் பக்கமாகவும் ஒருமுறை பார்த்தார்.

அவர் வேலை என்ன என்று தெரிந்தால்தான் இது புரியும். அந்தச் சாலையில் விபத்து நடந்தால் முதலில் அங்கேதான் கொண்டுவருவார்கள். ரத்தத்தை நிறுத்தி, ஊசி போட்டு, மேல்சிகிச்சைக்குச் சேலம் அனுப்பிவிடுவார்கள். அரை மணி நேரம், அதிகம் போனால் ஒரு மணி நேரம். வண்டிக் கதவு மூடியதும் அந்த ஆளோடு இவருக்கு இருக்கும் தொடர்பு முடிந்தது. பிழைத்தாரா, கால் போயிற்றா, அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு யார் தகவல் சொன்னார்கள், எதுவும் திரும்பி வராது. என் வேலையும் ஏறக்குறைய அதுவேதான். "கவலைக்கிடமான நிலையில் சிகிச்சை பெற்று வருகிறார்" என்று எழுதி அனுப்புவேன். மறுநாள் வேறு செய்தி.

விபத்து என்றால் நிர்வாகத்தின் அனுமதியோடு அவர்தான் எனக்குத் தகவல் சொல்வார். பெயர், வயது, ஊர். ஊர்ப் பெயரை எழுத்துப் பிசகாமல் சொல்வார். ஒவ்வொரு அழைப்பும் ஒரே வாக்கியத்தில்தான் முடியும்.

"அப்பறம் என்னாச்சுன்னு தெரிஞ்சா சொல்லுங்க சார்."

சரி என்பேன். சில முறை விசாரித்துச் சொல்லியிருக்கிறேன். பல முறை இல்லை.

ஸ்ட்ரெச்சர் ஏற்றும்போது நோயாளியிடம் அவர் சொல்வதும் ஒரே வாக்கியம்தான். "ஒண்ணும் ஆகாதுங்க, போயிட்டு வாங்க." ஒருநாள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது என் மனைவியிடம் அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எல்லாருக்கும் அத சொல்லித்தான் அனுப்பறேன்க்கா, அதுல பாதி பொய்யா போயிருக்கும், எந்தப் பாதின்னுதான் தெரியல என்று.

ரயில் பாதை ஆட்டத்தின் முடிவைப் பற்றியும் ஒரு சேதி சொன்னார். நான் கேட்டுத்தான் சொன்னார். கடைசி நிலையத்தை அடைந்ததும் திரையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வரி வருமாம். அங்கே இருந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று. முதல் தடவை ஆடியபோது ஏழாவது நிலையத்துக்கு அவர் போகவில்லை. பனி அதிகமாக இருந்தது, கழுதைக்குக் காலில் அடி. சுற்றுவழியில் போய்விட்டார். முடிவில் ஏழாவது நிலையத்துக்கும் ஒரு வரி வந்தது: நலமாக இருந்தார்கள்.

"எனக்கு அது உறுத்திட்டே இருந்துச்சுங்க சார். மறுபடி மொதல்ல இருந்து ஆடி, நேராப் போயிப் பாத்தேன். வூடு தெறந்து கெடக்குது. உள்ள ஆளே இல்ல. அடுப்பெல்லாம் இடிஞ்சு போச்சு." டம்ளரைக் கீழே வைத்தார். "நாம போகலைன்னா அவுங்க சும்மா ஒரு வரி எழுதி வெச்சிருக்காங்க."

ஆட்டம் செய்தவர்களைக் குறை சொல்கிற குரல் அது இல்லை. தான் போகாமல் விட்டதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் இருபது தாண்டி ஒரு முற்பகல் தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதுக்காரர். இருசக்கர வாகனத்தில் கம்பைநல்லூர் போகும்போது டிராக்டர் மோதியிருக்கிறது. உள்ளே ரத்தக்கசிவு. ஆனால் நினைவு இருந்தது, பேசிக்கொண்டே இருந்தார். இவர் கட்டுப் போடப் போட, அவர் தன் தம்பியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வரப்புத் தகராறில் பல வருடமாகப் பேச்சு இல்லை. முந்தின நாள் அந்தத் தம்பியே போன் செய்திருக்கிறான்.

"என்ன சொன்னான் தெரியுங்களா சிஸ்டர்" என்று அவர் ஆரம்பித்தபோது ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. தூக்கினார்கள். "மீதிய வந்து சொல்றேங்க" என்றாராம். இவர் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லி அனுப்பினார்.

அன்று போனில் தகவல் சொல்லும்போதே இதையும் சொன்னார். மற்ற விபத்துகளில் அப்படிச் சொன்னதில்லை. மூன்றாம் நாள் கேட்டார். அடுத்த வாரம், நான் வண்டியைக் கிளப்பும்போது வாசலில் நின்று கேட்டார். விசாரிக்கிறேன் என்றேன். அந்த ஊரில் எங்கள் நாளிதழ் முகவரின் உறவினர் ஒருவர் இருந்தார். ஒரு போன் போதும். அது மழை வாரம். ஏரிக்கரை, சாய்ந்த மின்கம்பம், ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் என்று செய்திகள் குவிந்தன. நான் அந்தப் போனைச் செய்யவில்லை.

அக்டோபர் கடைசி நாள். இரண்டு நாளில் கல்லறைத் திருநாள். அவருடைய சொந்த ஊர் மலையடிவாரத்தில் உள்ள ஒரு கத்தோலிக்கக் கிராமம். நவம்பர் இரண்டாம் தேதி எல்லோரும் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அவர் தன் வீட்டாரோடு நிறுத்திக்கொள்வதில்லை. தன் கையால் சேலத்துக்கு அனுப்பி, பிறகு இறந்துவிட்டதாகத் தெரியவந்தவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று, பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவார். சங்கடம் எங்கே என்றால், தெரியாதவர்களுக்கு ஏற்ற முடியாது. உயிரோடு இருப்பவருக்கு ஏற்றிவிட்டால்?

மாலை ஐந்தரைக்கு நான் வாசலில் உட்கார்ந்து மடிக்கணினியில் செய்தி அடித்துக்கொண்டிருந்தேன். மெழுகுவத்திப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"சார், அந்தத் தீர்த்தமலைக்காரரு பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா? இவருக்கு ஏத்தறதா வேண்டாமான்னு தெரியாம நிக்கறேன்."

செய்தி போக வேண்டிய நேரம் நெருங்கியிருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

"விசாரிச்சேன் சிஸ்டர். நல்லா இருக்காராம். வூட்டுக்கு வந்துட்டாராம்."

"பேசறாருங்களா?"

"பேசறாராம்."

அவர் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு மெழுகுவத்தியை உருவி, உள்ளே இருந்த என் மனைவியிடம் கொடுத்தார். "இது இனி வேண்டாம்க்கா. கரண்டு போனா வெச்சுக்குங்க." ஒரு மணி நேரம் கழித்து ஒரு தட்டு நிறைய வாழைக்காய் பஜ்ஜி வந்தது. நான் நான்கு சாப்பிட்டேன்.

அதோடு முடிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அவர் ஊருக்குப் போய்விட்டு வந்த சில நாளில், அவருடைய வார விடுமுறையன்று காலை, பேருந்து நிலையத்துக்கு எதிரே அவரைப் பார்த்தேன். தீர்த்தமலைப் பேருந்து நிற்கும் இடத்தில் நின்றிருந்தார். மாம்பழ நிறப் பட்டுச் சேலை. தலையில் இரண்டு முழம் மல்லிகை. கையில் வலைப்பை, அதில் சாத்துக்குடி. எங்கே போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பேருந்து இன்னும் வரவில்லை. நான் வண்டியை நிறுத்தவில்லை. தாலுகா அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்கும் நிகழ்ச்சி இருந்தது. அது பத்தரைக்குத்தான். அப்போது மணி ஒன்பதே முக்கால்.

அங்கே நடந்ததை மனைவி சொல்லித்தான் அறிந்தேன். சிஸ்டர் அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

வழி கேட்டுக்கொண்டு தெருவுக்குள் போயிருக்கிறார். வாசலில் பந்தல். ஏதோ விசேஷம் என்று முதலில் நினைத்திருக்கிறார். பிறகுதான் மொட்டையடித்த தலையோடு ஒருவர் வெற்றுடம்பாக நிற்பதையும், நாற்காலியில் மாலை போட்ட படத்தையும் பார்த்திருக்கிறார். படத்தில் இருந்தவர் அந்த விவசாயிதான். சேலம் போன மறுநாளே இறந்துவிட்டார். அன்று பதினாறாம் நாள் காரியம்.

தெருமுனையில் ஒரு வேலி மறைவில் நின்று தலையிலிருந்த பூவை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார். காரியத்துக்கு வந்த உறவு என்று நினைத்து உட்காரவைத்தார்கள். சாத்துக்குடிப் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிக்கொண்டார். அந்தச் சேலையைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மொட்டைத் தலைக்காரர்தான் தம்பி. கடைசியாகக் கட்டுப் போட்ட நர்ஸ் என்று தெரிந்ததும் எதிரே வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாராம். அண்ணன் கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டிருக்கிறார். நீங்க போன் பண்ணதத்தாங்க சந்தோசமா சொல்லிட்டு இருந்தாரு, மீதிய வந்து சொல்றேன்னாரு என்று இவர் சொன்னார். அது உண்மை. அப்புறம், என்ன சொன்னீங்க போன்ல என்று இவர் கேட்டார்.

"கம்பைநல்லூர்ல மாடு ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், வந்து பாத்து சொல்லுண்ணான்னு சொன்னேங்க."

வேறு எதுவும் சொன்னீர்களா, கோபமாக ஏதாவது, அண்ணன் சிரித்தாரா என்றெல்லாம் இவர் கேட்டிருக்கிறார். தம்பி ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னாராம். கடைசியில் பதில்கள் தீர்ந்து, வந்து பாத்து சொல்லுண்ணான்னுதாங்க சொன்னேன் என்று அதையே திரும்பச் சொன்னபோது, இவர் எழுந்தார். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் கிளம்பினார். சாத்துக்குடியைப் பேருந்து நிறுத்தத்தில் இருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

இதையெல்லாம் சொல்லி முடித்த மனைவி கேட்டாள்: "நீங்க யாருகிட்ட விசாரிச்சீங்க?"

நான் எழுந்து போய் மடிக்கணினியைத் திறந்தேன்.

"சாருக்கு யாரோ தப்பா சொல்லிட்டாங்க போல, அத போயி அவருகிட்ட கேக்காதீங்கக்கான்னு சிஸ்டர் சொன்னாங்க."

சில வாரம் நடு வீட்டில் தொலைக்காட்சி ஓடவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஒரு பிற்பகலில் சுவர் வழியாகக் கழுதையின் மணிச்சத்தம் கேட்டது. முதல் நிலையத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறார் என்று மனைவி சொன்னாள். கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு அவளும் போனாள்.

தைப்பொங்கல் வாரம் மறுபடி ஒரு விபத்து. வேன் கவிழ்ந்துவிட்டது. அவரை அழைத்தேன். மூன்று பேர் என்றார். பெயர், வயது, ஊர் சொன்னார். ஒருவரைச் சேலம் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன். பிறகு, வழக்கமான அந்தக் கடைசி வாக்கியம் வரும் என்று போனைக் காதில் வைத்தபடியே இருந்தேன்.

"வேற ஏதாச்சும் வேணுங்களா சார்?"

இல்லை என்றேன். வைத்துவிட்டார். நான் முகவருக்குப் போன் செய்து, முகவர் வேறு ஒருவருக்குச் செய்து, சேலம் போனவர் ஒரு வாரத்தில் வீடு திரும்பிவிட்டார் என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். அந்த வீட்டுக்கு நானே போயும் பார்த்தேன். வந்து அவரிடம் சொன்னேன். "அப்படிங்களா சார், ரொம்ப சந்தோசங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் பேருந்து ஏறியதைப் பார்த்ததாக மனைவி சொன்னாள். சேலம் போய்த் திரும்பியவரின் ஊருக்குப் போகும் பேருந்து.

இப்போது அவர் வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். மனைவிக்கு எப்போதாவது குரல்பதிவு அனுப்புவார். அங்கே கிழவர்கள் சொல்லும் கதைகள் நீளமாக இருக்கும். புதிதாக ஓர் ஆட்டம் ஆரம்பித்திருப்பதாகவும், அதில் கழுதை இல்லை என்றும் கடைசியாக வந்த பதிவில் இருந்தது.

அவர் கொடுத்த மெழுகுவத்தி எங்கள் சமையலறை இழுப்பறையில் இருக்கிறது. கரண்டு போனால் கைபேசி விளக்கைப் போட்டுக்கொள்கிறோம். திரி இன்னும் வெள்ளையாக இருக்கிறது.